ஓவர்சியர் பதில்கள்: எல்லை தாண்டும் சாலை

போன இதழில் மணிப்பூரில் மியான்மர் எல்லையிலுள்ள மோரே ஊரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பக்கத்து நாடுகளுக்குப் போகும் சாலைகளைப் பற்றியே கேட்கின்றன. எல்லைச் சாலை அமைப்பில் 1978-ல் சேர்ந்து 2017 வரை மண்ணும் ஜல்லியும் அளந்தவன் நான். என் கண்ணால் பார்த்ததையும், படித்து உறுதி செய்துகொண்டதையும் எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து ஒரு வாசகி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலைக்கு 2002-லேயே ஒப்புக்கொண்டார்களாம். நான் அப்போது பிறக்கவே இல்லை. இன்னும் ஏன் முடியவில்லை? நீங்கள் அந்தச் சாலையில் வேலை செய்தீர்களாமே, ஐயா?

ஆமாம் மகளே, அதன் முதல் துண்டில் வேலை செய்தேன். நாங்கள் போட்டபோது அதற்கு முத்தரப்பு என்ற பெயரெல்லாம் கிடையாது. மியான்மருக்குள் தமுவிலிருந்து கலேவா, கலேமியோ வரை 160 கி.மீ. இந்தியா தன் செலவில் போட்டுக்கொடுத்த சாலை அது. 2001 பிப்ரவரியில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் யாங்கூனில் மூன்று நாட்டு அமைச்சர்கள் உட்கார்ந்து, இதையே தாய்லாந்தின் மே சோட் வரை நீட்டலாம் என்று பேசினார்கள். மோரேயிலிருந்து மே சோட் சுமார் 1,360 கி.மீ. இங்கிருந்து நாக்பூர் போகிற தூரம்கூட இல்லை.

நாங்கள் வேலை செய்த இடம் கபாவ் பள்ளத்தாக்கு. மழைக்காலத்தில் அங்கே வண்டி நகராது. நவம்பரில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் முடிக்க முடிந்ததுதான் அந்த வருடத்து வேலை. மலேரியா வராத ஆள் முகாமில் கிடையாது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது, ரங்கூனிலிருந்து நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே தப்பி வந்த வழிகளில் இதுவும் ஒன்று. நாங்கள் ரோலர் ஓட்டிய மண்ணில் எத்தனை தமிழர்கள் பசியிலும் காலராவிலும் விழுந்தார்கள் என்பதை நினைக்காமல் அங்கே ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

சாலை போட்டோம். ஆனால் பாலங்கள் பழசு. தமுவிலிருந்து கலேவா வரை 69 பாலங்களை மாற்றியாக வேண்டும். அவற்றில் பல உலகப்போர் காலத்து இரும்புப் பாலங்கள், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும். சரக்கேற்றிய பெரிய லாரியை அதில் விட முடியாது. ரோட்டில் எவ்வளவு நல்ல தார் போட்டிருந்தாலும், அதிலிருக்கும் மிகப் பலவீனமான பாலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பாரம்தான் அந்த ரோட்டுக்கு. இந்த 69-ஐயும், கலேவாவிலிருந்து யாகி வரை 120 கி.மீ. சாலையையும் இந்தியா பொறுப்பெடுத்தது. வேலை மெதுவாக நடந்துகொண்டிருந்தபோதே 2021 பிப்ரவரி 1-ந் தேதி மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தச் சாலை போகிற சகாயிங் பகுதியில் சண்டை மிகக் கடுமை. அப்புறம் 2023 மே மாதம் நம் பக்கத்தில் மணிப்பூரே எரிந்தது. 2024 பிப்ரவரியில், எல்லையின் இரு பக்கத்திலும் 16 கி.மீ. வரை மக்கள் விசா இல்லாமல் போய்வர இருந்த ஏற்பாட்டை ரத்து செய்யப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. சாலையின் இரண்டு முனையிலும் தீ இருக்கும்போது நடுவில் யார் நின்று தார் காய்ச்சுவது? சண்டை ஓயாமல் இதற்கு யாராலும் தேதி சொல்ல முடியாது.

உன் தேர்வுக்கு உதவும் ஒரு விஷயம் சொல்கிறேன். மியான்மர் 1970-ல் சாலையின் வலது பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. நாமும் தாய்லாந்தும் இடது பக்கம். ஆக, இந்த நெடுஞ்சாலையில் போகிறவன் மோரே தாண்டியதும் பக்கம் மாற வேண்டும், மே சோட்டில் திரும்பவும் மாற வேண்டும். முதல் வாரம் என் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டினார்.

மோரேயில் தமிழர்கள் இருப்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். 1962-க்குப் பிறகு பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது நம் ஆட்கள் கப்பலில் சென்னைக்கு வந்து முகாம்களில் இருந்தார்கள். அதில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே தரைவழியாகத் திரும்பிப் போகலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். பர்மாப் பக்கம் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் வழியில்லாமல் எல்லையிலேயே குடிசை போட்டு, கடை போட்டு, அங்காளபரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். அந்தக் கோயில் பக்கத்தில் ஒரு பாட்டி கடையில் இட்லி சாப்பிடுவேன். எந்த ஊர் தம்பி என்று முதல் நாளே கேட்டார். நாகர்கோவில் பக்கம் என்றேன். சாலை முடிந்தால் ரங்கூனுக்கு பஸ் விடுவார்களா என்று கேட்டார். அவருடைய அப்பாவை அங்கே புதைத்திருக்கிறார்களாம். நான் 'விடுவாங்க பாட்டி' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை இன்றைக்கு வரை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

படந்தாலுமூட்டிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்: அண்ணாச்சி, இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டுகிறேன். மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லைக்கு லோடு கொண்டுபோய் ஐந்து நாள் கிடந்தேன். அப்புறம் சரக்கை வங்கதேச லாரிக்கு மாற்றிவிட்டுத் திரும்பினேன். நம் வண்டியை அப்படியே டாக்கா வரை ஓட்டிப்போக என்றைக்கு விடுவார்கள்?

தம்பி, ஐந்து நாள் கிடந்தது உங்கள் தலைவிதி என்று நினைக்காதீர்கள். உலக வங்கி 2021-ல் கணக்கெடுத்துச் சொன்னது: பெட்ராபோல்–பெனாபோல் எல்லையைச் சரக்கு கடக்க சராசரியாக 138 மணி நேரம். அதில் 28 மணி நேரம் ஒரு லாரியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற மட்டும். இதே அளவு போக்குவரத்து உள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறது. அங்கே ரோடு நம்மைவிட அகலம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே காகிதத்தை இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதை உங்களுக்கு விளக்க நான் ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். உங்கள் வீட்டுக்கு அரை மணி தூரத்தில், அமரவிளை செக்போஸ்ட் முன்னால் 2017-க்கு முன் நீங்கள் நின்றதே இல்லையா? நான் லீவில் வரும்போதெல்லாம் பார்ப்பேன். களியக்காவிளை தாண்டியதும் வரிசை. என் சித்தப்பா மகன் தோவாளையிலிருந்து பிச்சிப்பூ ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போவான். ஓண நேரத்தில் அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றால், பூ பழுத்துப் பாதி விலைக்குப் போகும். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, விற்பனை வரி செக்போஸ்ட்டுகளை எடுத்தார்கள், வரிசை போய்விட்டது. ரோட்டில் ஒரு சட்டி தார்கூட புதிதாகப் போடவில்லை. ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலங்கள் இந்த ஒரு ஒப்பந்தத்துக்கு வர எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். அதற்கும் முன்னால் இன்னொரு காலம் இருந்தது. என் தாத்தா சொல்வார், ஆரல்வாய்மொழி சாவடியைத் தாண்டினால் காசே வேறு. திருவிதாங்கூரில் சக்கரம், அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ரூபாய். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு அதைவிட அரைச் சக்கரம் கூடுதல். மூட்டை தூக்கிப் போகிறவன் அந்த அரைச் சக்கரத்தையும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, டாக்கா விஷயத்துக்கு வருகிறேன். வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூன் 15-ந் தேதி திம்புவில் ஒரு மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதற்கு முந்தின நவம்பரில் காத்மாண்டு சார்க் மாநாட்டில் எட்டு நாட்டுக்கும் சேர்த்து இப்படி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பாகிஸ்தான் சம்மதிக்காததால், சம்மதித்தவர்கள் மட்டும் தனியாக உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு லாரியை ஓட்டியும் பார்த்தார்கள். சிலிகுரியைச் சுற்றிப் போகிற வழியோடு ஒப்பிட்டால் ஆயிரம் கி.மீ.க்கு மேல் மிச்சம்.

அப்புறம் ஏன் நிற்கிறது? உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் அங்கே செல்ல வேண்டும். உங்கள் லைசென்ஸ் செல்ல வேண்டும். அச்சுக்கு எத்தனை டன் என்பதில் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒத்துப்போக வேண்டும். விபத்து நடந்தால் எந்தப் போலீஸ், எந்தக் கோர்ட் என்று எழுதியாக வேண்டும். அந்த நாட்டு லாரி டிரைவருக்கும் உங்களைப் போல வீட்டில் பிள்ளைகள் உண்டு. இந்திய லாரிகள் உள்ளே வந்தால் தன் வாடகை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அதற்கும் பதில் வேண்டும். திரிபுராவின் சப்ரூமில் ஃபெனி ஆற்றுக்கு மேல் வங்கதேசத்துக்குப் போகும் 1.9 கி.மீ. நீள மைத்ரி பாலத்தை 2021 மார்ச்சில் திறந்தார்கள். அருமையான பாலம். ஆனால் சப்ரூம் கரையில் சுங்கம், குடியேற்றம் எல்லாம் சேர்ந்த சோதனை நிலையத்தைத் திறந்தது 2024-ல்தான். பாலத்தையும் அந்த நிலையத்தையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடித்திருக்க வேண்டும். வேலைத் திட்டம் போடுகிறவர்கள் சிமெண்டுக்குக் கொடுக்கிற மரியாதையைக் காகித வேலைக்குக் கொடுப்பதில்லை. வேலையில் இருந்த காலத்தில் எனக்கிருந்த மனக்குறைகளில் முதலாவது இது.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: பூட்டானுக்குச் சாலை போட்டுக்கொடுத்ததே நாம். அந்த நாடு நான்கு நாட்டு வாகன ஒப்பந்தத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டதே. இது நன்றி மறந்த செயல் இல்லையா?

சார், நீங்கள் மூத்தவர். ஆனாலும் இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 1983-லிருந்து நான்கு வருடம் அங்கே எங்கள் அமைப்பு சாலை போடும் தந்தக் திட்டத்தில் இருந்தேன்.

1958-ல் நேரு பூட்டான் போனபோது அங்கே மோட்டார் சாலையே கிடையாது. நாதுலா ஏறி, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகக் குதிரையில் போனார். மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக்கும் அவரும் பேசி முடிவெடுத்து, 1961 ஏப்ரலில் தந்தக் தொடங்கியது. புன்ச்சோலிங்கிலிருந்து திம்பு வரை முதல் சாலை. முன்பு ஐந்தாறு நாள் நடை. அதில் வேலை செய்து இறந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தந்தக்கின் அறுபது வருடத்தில் 1,200 பேருக்கு மேல் உயிர் போயிருக்கிறது. சிம்தோக்காவில் அவர்களுக்கு நினைவிடம் உண்டு. பூட்டான் மக்கள் அதை மறக்கவில்லை. நானே அனுபவித்திருக்கிறேன், தந்தக் சட்டையைப் பார்த்தாலே வீட்டுக்குள் கூப்பிட்டு வெண்ணெய்த் தேநீர் கொடுப்பார்கள். அந்த உப்புச் சுவை பழக எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஜும்ஜா என்று ஒரு இடம். ஒவ்வொரு மழைக்கும் மலை சரியும். ஒரு முறை மூன்று ராத்திரி டோசர் ஓட்டி வழி திறந்தோம். நாலாம் நாள் திரும்பவும் மூடியது. அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் எங்களோடு வந்து உட்காருவார். சாலை வந்ததால்தான் தன் பேரன் படிக்கிறான் என்று சந்தோஷப்படுவார். அதே மூச்சில், சாலைக்கு மேலே இருந்த ஊற்று வெடி வைத்த பிறகு வற்றிவிட்டதையும் சொல்வார். அந்தக் காலத்தில் வெட்டிய மண்ணையும் பாறையையும் அப்படியே பள்ளத்தில் தள்ளினோம். கீழே காடு இருந்தது, ஓடை இருந்தது. வேகமாக முடிக்க வேண்டும் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது. செய்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நம் குமரி மாவட்டம் 1,672 சதுர கி.மீ., 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர். பூட்டான் நாடு மொத்தத்தில் சுமார் ஏழரை லட்சம் பேர்தான். நம்மில் பாதிகூட இல்லாத ஜனம், மூன்று பெரிய நாட்டு வண்டிகளுக்கும் ஒரே நாளில் கதவைத் திறந்துவிட வேண்டும் என்கிறோம். அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே நாட்டில் 60 சதவீதம் எப்போதும் காடாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கீழ்ச்சபை ஒப்பந்தத்தை ஏற்றது, மேல்சபை 2016-ல் நிராகரித்தது. வண்டிப் புகை, நெரிசல், தங்கள் ஊர் லாரிக்காரர்களின் பிழைப்பு, இவைதான் கவலை. அடுத்த ஆண்டு, நாங்கள் தயாராகும்வரை மற்ற மூவரும் தொடருங்கள் என்று கௌரவமாகச் சொல்லி விலகினார்கள். இதில் நன்றி கெட்டது எங்கே இருக்கிறது?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். குமரி மலைகளை உடைத்து டாரஸ் லாரிகளில் கல் ராத்திரி பகலாக எல்லை தாண்டிப் போகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும்போது அந்த லாரிகள் போகிற அதிர்வு காலில் தெரியும். நல்ல சாலை இருப்பதால்தான் மலை இவ்வளவு சீக்கிரம் காணாமல் போகிறது. இதை எதிர்த்து நம் ஆட்கள் குரல் கொடுத்தால் நியாயம் என்கிறோம். அதையே பூட்டான்காரன் முன்கூட்டியே யோசித்தால் நன்றி கெட்டவன் என்று சொல்வது சரியா? என் மனதுக்கு ஒப்பவில்லை, சார்.

குளச்சலிலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்: தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குப் பாலம் கட்டுவார்களா? கட்டினால் எங்களுக்கு நல்லதா கெட்டதா?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிற தூரம்தான் ஏறக்குறைய. 1914-லிருந்து ரயிலில் போய் இறங்கி, கப்பல் ஏறி, அந்தப் பக்கம் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அந்த ஊர் வழியாகப் போவது நின்றது. பாலப் பேச்சு 2002-லும் வந்தது, 2015-லும் வந்தது, 2023 ஜூலையில் இரு நாட்டுக் கூட்டறிக்கையில் ஆய்வு செய்யலாம் என்றும் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் இலங்கையில் ஒரு பகுதி மக்களுக்குப் பெரிய நாடு உள்ளே வந்துவிடுமோ என்ற பயம் எழுகிறது. மேலே பூட்டானுக்குச் சொன்னதுதான் இங்கேயும்.

எனக்குப் பாலம் இப்போது வேண்டாம் என்றே தோன்றுகிறது, தங்கச்சி. மன்னார் வளைகுடா ஆழமில்லாத, பவளப்பாறை உள்ள கடல். அங்கே தூண் இறக்குவது கபாவ் மண்ணில் தூண் இறக்குவது போல அல்ல. மீன் குஞ்சு பொரிக்கிற இடத்தைக் கலக்கிவிட்டு யாருக்கு என்ன லாபம்? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓடியது. முதலில் அதை ஒரு நாள்கூட நிற்காமல் ஓட்டட்டும். அதோடு இரு பக்க மீனவர்களும் ஒரு பாயில் உட்கார்ந்து, எந்த மாதம் யார் எங்கே வலை போடுவது என்று பேசி முடிக்கட்டும். படகைப் பிடித்து ஆளைச் சிறையில் வைக்கிற கடலில் பாலம் கட்டினால், உங்கள் வீட்டுக்காரர் அதற்குக் கீழே பயந்துகொண்டே போக வேண்டியிருக்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவர்: எல்லை வரை நல்ல சாலை போட்டால் எதிரிப் படைக்கும் அது வசதிதானே?

இப்படித்தான் நம் அரசாங்கமும் பல வருடம் நினைத்தது. எல்லை வளராமல் கிடந்தால் பாதுகாப்பு என்பதே முன்பு கொள்கையாக இருந்தது என்று 2013-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதன் பலனை அங்கே வாழ்கிற ஜனம்தான் அனுபவித்தது. பிரசவ வலி வந்த பெண்ணை நாலு பேர் மூங்கில் தூளியில் சுமந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சாலை இருந்தால் ஆட்கள் ஊரைக் காலி செய்ய மாட்டார்கள்.

குலசேகரத்திலிருந்து ஒரு தாய்: என் மகன் கிரெஃப்பில், அதாவது எல்லைச் சாலை அமைப்பின் பொறியியல் படையில், சேர எழுதிப் போட்டிருக்கிறான். வெளிநாட்டுக்கும் அனுப்புவார்களாம். எனக்கு ஒரே மகன். பயமாக இருக்கிறது, அண்ணே. விடலாமா?

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், தங்கச்சி. ஆப்கானிஸ்தானில் ஈரான் எல்லையிலுள்ள சரஞ்சிலிருந்து டெலாராம் வரை 218 கி.மீ. சாலையை நம் அமைப்பு போட்டது. கடலே இல்லாத அந்த நாடு, ஈரானின் சாபஹார் துறைமுகத்துக்குப் போய்ச்சேர வழி. 2009 ஜனவரியில் அதை ஒப்படைத்தோம். அதற்குள் ஆறு இந்தியர்களும் 129 ஆப்கானியர்களும் உயிர் விட்டிருந்தார்கள். 2005 நவம்பரில் தலிபான்கள் கடத்திக் கொன்ற ஓட்டுநர் கேரளத்துக்காரர். செய்தி வந்த அன்று எங்கள் முகாமில் யாரும் சமைக்கவில்லை.

ஆனால் துப்பாக்கியைவிட மலைதான் எங்கள் ஆட்களை அதிகம் கொண்டுபோயிருக்கிறது. சரிவு வந்த இடத்தில், மேலே கல் உருள்வது நிற்கும் முன் டோசரை இறக்கச் சொன்னால் 'கொஞ்சம் பொறுங்க சார்' என்று சொல்லும் தைரியம் உங்கள் மகனுக்கு இருக்க வேண்டும். என்னோடு இருந்த ஒரு ஆபரேட்டர் அதைச் சொல்லத் தயங்கினார். அன்று சாயங்காலம் அவரைத் தோண்டி எடுத்தோம். அவனுக்கு அந்தத் தைரியம் உண்டா என்று உங்களுக்குத்தான் தெரியும். உண்டென்றால் விடுங்கள். வெளிநாட்டுப் பணி எல்லோருக்கும் வருவதில்லை, சேர்ந்த உடனே வருவதும் இல்லை.

முதலில் புனே பக்கத்தில் திகி முகாமில்தான் பயிற்சி. இப்போது கன்னியாகுமரியிலிருந்தே புனேக்கு ரயில் இருக்கிறது. நான் போனபோது திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் போய் ரயில் ஏறினேன். அம்மா ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து செய்து கொடுத்தாள். நீங்களும் செய்து கொடுங்கள், பத்து நாளானாலும் கெடாது. கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள். பஞ்சாபி, நாகா, ஒடியா என்று முதல் ராத்திரியே எட்டுப் பையன்கள் என் டின்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.